ஊறு

2007 மழைக்காலத்தில் பெர்சிஸ் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். குகட்பள்ளியில், மருந்துச் சோதனைக்கு உட்படுபவர்கள் கையெழுத்திடும் படிவங்களை மொழிபெயர்க்கும் கம்பெனியில் தமிழுக்கு அவள் ஒருத்திதான். 'வல்னரபிள்' என்று வந்த இடத்தில் 'பலவீனமானவர்கள்' என்று போட்டிருந்தாள். படிவங்களைச் சரிபார்ப்பவர்கள் சென்னையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் வரும் கைதி பலவீனமானவனா? கர்ப்பிணி? நாளைக்குள் வேறு சொல் வேண்டும். அந்த மாதத்தில் திரும்பி வந்த மூன்றாவது படிவம் இது. வேலை போய்விடுமோ என்று பயந்தாள்.

சாயங்காலம் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தன் வீட்டில் அகராதிகளோடு உட்கார்ந்தாள். ஆங்கிலச் சொல்லின் வேர், காயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். தமிழில் தேடினாள். ஊறு: காயம், தீங்கு. அதன் கீழேயே, தொடு உணர்வு. இரண்டுக்கும் 'உறு' என்பதே வேர். தொடுவதும் புண்படுவதும் எப்படி ஒரே சொல்லாயிற்று?

அந்நேரம் ஒர்க் ஷாப்பிலிருந்து வந்த அவள் கணவர் எட்மண்ட் ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் நனைந்து சிவந்திருந்தது. ஷூவின் அடியில் ஓர் ஆணி, உள்ளே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது! வலிக்கலையா?"

"டென்ஷன் நக்கோ, பெர்சி, பதறாத. காலைல எங்கேயோ குத்திருக்கும்."

எட்டு வருடமாக அவருக்குச் சர்க்கரை. அவள் பேனா மூடியை எடுத்தாள்.

"கண்ண மூடுங்க. எங்க தொடுறேன், சொல்லுங்க."

"முதல்ல தொடு, அப்புறம் சொல்றேன்."

அவள் மூடியைப் பாதத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்குப் போகலாம் என்றவரை அப்போதே ஆட்டோவில் ஏற்றினாள். உணர்ச்சி போன காலில்தான் காயம் தெரியாமலே முற்றும் என்றார் டாக்டர். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து ஆபீஸுக்குப் போன் செய்து, "ஊறுபடக்கூடியவர்கள்னு போடுங்க" என்றாள்.

சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று, பாதம் தப்பியது. சொல் தப்பவில்லை. பொருள் சரிதான், ஆனால் படிப்பவர்களுக்குப் புரியாது என்று சென்னையில் 'எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள்' என்று மாற்றிக்கொண்டார்கள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து தினமும் விளக்கடியில் அவர் பாதங்களை விரல் விரலாகப் பார்ப்பாள். "போதும் பெர்சி, கூசுது" என்று ஒருநாள் சொன்னார். அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் சிரித்தார். சும்மா சொன்னது.