பதினேழாம் பல்பு

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் அறிவியல் வாத்தியார். பேய், பிசாசு என்று பேசும் பிள்ளைகளை அதட்டுகிறவன். ஆனால் 1979 நவம்பர் 20, செவ்வாய்க்கிழமை, உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பிள்ளைகள் பாடம் புரியாவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் பெஞ்சில் ஆளுக்கொரு காலிங்பெல் சுவிட்ச் வைத்தேன். என் மேசைமேல் ஒரு பலகை. அதில் எண் போட்டு டார்ச் பல்புகள். புரியவில்லையென்றால் சத்தமில்லாமல் அமுக்கலாம், என் பக்கம் பல்பு எரியும். ஏழாம் வகுப்புக்கே ஒரே குஷி.

கடைசி எண் பதினேழு. அது பவளத்தின் இடம். அங்கே வரும்போது ஒயர் தீர்ந்துவிட்டது.

“எனுக்கு மட்டும் எரியலியே சார்?”

“நாளைக்கு ஒயர் வாங்கினு வரேன். அதுவரிக்கும் சும்மா அமுக்கு.”

மூன்று வாரம் சும்மாவே அமுக்கினாள். நான் மறந்தே போனேன்.

அன்று அவள் வரவில்லை. மணி 3.35. கரும்பலகையிலிருந்து திரும்பினேன்.

பதினேழு எரிந்தது.

“சார்... பவளம் ஆடு மேய்க்கப் போச்சி சார்,” என்றான் முத்துவேல். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை.

பேட்டரியைக் கழற்றினேன்.

எரிந்தது.

டக்... டக்... டக்... காலி பெஞ்சில் சுவிட்ச் சத்தம்.

“எங்கேம்மா இருக்கே?” என்று கேட்டேன். பல்பு அணைந்து அணைந்து எரிந்தது. ‘புரியவில்லை’... ‘புரியவில்லை’... என் பலகைக்கு அது ஒன்றுதான் சொல்லத் தெரியும். ஐயோ, நான் என்ன செய்வேன்?

பல்பைத் திருகி எடுத்தேன்.

உள்ளங்கையில் எரிந்தது...

டிராயரில் போட்டேன். பூட்டினேன்.

வெளியே காஞ்சிபுரம் பஸ் ஹாரன் அடித்தது. சுவிட்ச் சத்தம் நின்றுவிட்டது. மணி 3.50.

மறுநாள் காலையில் பவளத்தின் உடலை ஒரு கழனிக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். பக்கத்துக் கழனி ராணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“‘சார், சார்’னு ஒரு கொரலு கேட்டுக்கினே இருந்திச்சி வாத்தியாரே. பசங்க இஸ்கூல் வெளாட்டு வெளாடுதுங்கன்னு இருந்துட்டனே! பஸ்ஸு ஆரன் அடிச்சிது பாரு... அப்பதான் நின்னுபோச்சி.”

டிராயர் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.