ராயப்பன்பட்டியில் சுடாத அஞ்சஞ்சு ரவுண்டு

எழுபதுகளின் கடைசி. எனக்கு டெல்லி மாப்பிள்ளை நிச்சயமாகிக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. வீட்டில் எல்லோரும் புடவைக் கடைகளில் அலைந்துகொண்டிருக்க, நான் துப்பாக்கி சுடப் போகிறேன் என்று ராயப்பன்பட்டிக்குக் கிளம்பினேன். சிரிக்க வேண்டாம். மதுரையில் கல்லூரி என்.சி.சி. சுடும் அணியில் இருந்தவள் நான். என் ஜோடி பிலோமினா, ராயப்பன்பட்டிக்காரி. எங்களுக்குக் கொடுத்த பாயிண்ட் டூ-டூ ரைபிளில் ஒவ்வொரு தடவையும் போல்ட் என்ற தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அவள் அண்ணன் அந்தோணி வைத்திருந்ததோ, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம். சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது.

"நீ வந்தா ரெண்டு பேருக்கும் அஞ்சஞ்சு ரவுண்டு தாரேன்னு அண்ணன் சொல்லியிருக்காகடி" என்று பிலோ வருடக்கணக்கில் ஆசை காட்டிக்கொண்டிருந்தாள். டெல்லிக்குப் போன பிறகு இதெல்லாம் எங்கே நடக்கப் போகிறது?

காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கம்பம் பஸ்ஸில் ஏறி உத்தமபாளையத்தில் இறங்கினேன். அது இன்னும் ஒரு மணி நேரம். இடது ஜன்னலைப் பிடித்துவிடுங்கள், மேகமலை கூடவே வரும். உத்தமபாளையத்தில் டவுன் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்தேன். மொத்தச் செலவு, இட்லியோடு சேர்த்து, ஏழு ரூபாய்க்குள்.

வீட்டுக்குள் நுழைந்தால், அந்தோணி அண்ணன் ரைபிளைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"எலக்சன் வருதுல்ல ஆத்தா. லைசென்ஸ் துப்பாக்கிய எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு சொல்லிட்டாக. இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"அதுக்கு முன்னால ஒரே ஒரு ரவுண்டு, அண்ணே?"

"ஊரு ரெண்டு கட்சியா நிக்கிது. இங்கன ஒரு சத்தம் கேட்டாப் போதும், எவன் எவனைச் சுட்டான்னு கம்போட வந்துருவாக."

ஒப்படைக்கும் முன் ஒரு தடவை துடைத்துவிடுகிறேன் என்று பிலோ அவரிடமிருந்து ரைபிளை வாங்கி மேசைமேல் வைத்தாள். அந்த வீட்டில் அதைச் சுத்தம் செய்வது அவள் வேலை.

நிறையப் பேர் இந்த ரகத்தை மெஷின் கன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. ட்ரிகரை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டுதான். சினிமாவில் வருவதுபோல மழையாகப் பொழியாது. வெடிக்கும் மருந்தின் உந்துதலே போல்ட்டைப் பின்னால் தள்ளும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் போல்ட்டைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவரும்போது, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினிலிருந்து அடுத்தது, குழலின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் போய்விடும். நாங்கள் கையால் செய்ததை அது தானே செய்துகொள்கிறது, அவ்வளவுதான்.

"மேகசினைக் கழட்டிட்டாக் காலின்னு நெனைச்சிராதடி. உள்ள ஒண்ணு ஒக்காந்திருக்கும். போல்ட்டை இழுத்துக் கண்ணால பாரு" என்றாள். பார்த்தேன். காலி. ஆளில்லாத தோப்புப் பக்கம் பார்த்துத் தோளில் வைத்துக்கொண்டேன். பிலோ என் முழங்கையை ஒரு விரலால் சரிசெய்தாள், கல்லூரியில் செய்வது மாதிரியே. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசை அப்படி.

மூன்று பேருமாக உத்தமபாளையம் போனோம். ஸ்டேஷனில் நம்பர் சரிபார்த்து ரசீது கொடுத்தார்கள். "ஓட்டு எண்ணி முடிச்சதும் வந்து வாங்கிக்கங்க" என்றார் ஏட்டு. அவருக்கென்ன, அதற்குள் எனக்குக் கழுத்தில் தாலி ஏறிவிடும்.

பஸ் ஸ்டாண்டில் பிலோ என் கையை விடவில்லை. "அண்ணன் என்னை எத்தனையோ தடவ சுடச் சொன்னாக. நீ வரட்டும்னு ஒரு ரவுண்டுகூடச் சுடலடி. இனிமேயும் நீ வந்த பெறகுதான்" என்றாள்.

வருகிறேன் என்றேன். ஆனால் போகவே முடியவில்லை. அவளும் கல்யாணமாகிக் கேரளாப் பக்கம் போனாள். விலாசம் மாறி, கடிதமும் நின்றுபோனது. பல வருடம் கழித்து டெல்லியில் ஒரு ரைபிள் கிளப்பில் அதே ரகத்தைச் சுட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆசை தீர்ந்ததா என்று கணவர் கேட்டார். தீரவில்லை. எனக்குப் பிலோ வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்கு: தேனியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். தண்ணீர் கொண்டுபோங்கள். துப்பாக்கி பழக ஆசையென்றால் முறையாகக் கிளப்பில் சேருங்கள், தெரிந்தவர் வீட்டுத் துப்பாக்கியை நம்பிப் போகாதீர்கள். ராயப்பன்பட்டியில் அந்தோணி அண்ணன் தங்கை பிலோமினா என்று யாராவது கண்ணில் பட்டால், எனக்காகக் காத்திருக்க வேண்டாம், சுட்டுவிடச் சொல்லுங்கள்.

இல்லை, வேண்டாம். காத்திருக்கச் சொல்லுங்கள்.