அம்மாவுக்குப் பதில் வந்தவர்கள்

என் பிரசவத்துக்கு அம்மா போட்ட திட்டத்தைப் பார்த்திருந்தால் கல்யாண கான்ட்ராக்டர்களே கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். வளைகாப்பு முடிந்து என்னை ஆம்பூருக்கு அழைத்து வந்த அன்றே எல்லாம் முடிவாகிவிட்டது. பூண்டு எங்கே வாங்குவது, பால்சுறா கருவாட்டுக்கு யாரிடம் சொல்லி வைப்பது, குழந்தைத் துணி காய எந்த ஜன்னலில் கொடி கட்டுவது என்று ஒன்றையும் விடவில்லை. பழைய லுங்கிகளைக் கிழித்து வெந்நீரில் அலசி, ஒரு பிள்ளைக்கு அல்ல, ஒரு தெருவுக்கே போதும் என்கிற அளவுக்கு மடித்து அடுக்கினாள். டாக்டர் சொன்ன தேதியை ஒட்டி லீவுக்கும் சொல்லி வைத்துவிட்டாள். வயிற்றில் இருந்தவளிடம் மட்டும் அவள் சௌகரியத்தைக் கேட்கவில்லை. அவளோ கம்பெனியில் பெரிய ஷிப்மெண்ட் போகிற வாரமாகப் பார்த்து, சொன்ன தேதிக்கு வெகு முன்பாகவே வந்து பிறந்தாள்.

அம்மாவின் வேலையைச் சொன்னால்தான் இதன் சங்கடம் புரியும். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற லைனில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவர் தோலின் ஓரத்தைச் சீவுவார், ஒருவர் பசை தடவுவார், ஒருவர் தைப்பார். யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் போய் உட்கார, எல்லா வேலையும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். ரிலீவர் என்பார்கள். அதுதான் என் அம்மா. யார் வீட்டில் காதுகுத்து, யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மா இருக்கிற தைரியத்தில் நிம்மதியாக லீவு போடுவார்கள். நான் படித்த பள்ளியில் ஆண்டு விழா என்றால் மட்டும் அம்மா வரமாட்டாள். தன் பிள்ளையின் ஆண்டு விழாவுக்குப் போன யாரோ ஒருவரின் மிஷினில் அன்றைக்கு அவள் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பாள். நானும் அப்படியே தானே வளர்ந்தேன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் இதைச் சொல்லி முறையிடவும் வீட்டில் ஆள் இல்லை.

அதனால்தான் இந்த ஒரு தடவையாவது அம்மா எனக்கே எனக்கென்று வீட்டில் இருப்பாள் என்று நான் அவ்வளவு ஆசையாக இருந்தேன். வேலூர் சத்துவாச்சாரியில் மாமியார் வீட்டில் வாஷிங் மெஷின் உண்டு, கூடமாட உதவிக்கு ஆளும் உண்டு. மாமியார் ரிட்டையர் ஆகி, யாரைக் கவனிக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தார். இங்கேயே இருக்கட்டுமே என்று நல்ல மனசோடுதான் கேட்டார். அம்மா விடவில்லை.

"தலைப்பிரசவம் தாய் வீட்லதான். நாங்க இன்னா செத்தா போய்ட்டோம்?"

இப்படிச் சண்டை பிடித்து என்னை ஜெயித்துக்கொண்டு வந்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் வீடு திரும்பிய மறுநாள் காலை, தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஷிப்மெண்ட் நேரம், லீவு கிடைக்கவில்லை என்றாள். என்னைத் தனியாக விடமாட்டாளாம், ஆள் வருமாம்.

ஆள் வந்தது. தினம் ஒரு ஆள். எல்லோரும் அம்மாவின் லைனில் வேலை செய்கிற பெண்கள்.

முதலில் வந்தவர் தோல் சீவுகிற அக்கா. என் காதில் பஞ்சு அடைத்து, தலையில் துணி சுற்றி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் தன் பையையே கீழே வைத்தார். தண்ணீர் கேட்டால் முறைத்தார். தண்ணி ஜாஸ்தி குடித்தால் வயிறு தொங்கிவிடுமாம். மறுநாள் வந்தவர் பசை தடவுகிற அக்கா. வந்ததும் பஞ்சைப் பிடுங்கிப் போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தார். தண்ணி கம்மியானால் பால் எங்கிருந்து வரும் என்று என்னையே கேட்டார். ஆஸ்பத்திரி நர்சும் நிறையத் தண்ணீர் குடி, எல்லாம் சாப்பிடு என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அடுத்த நாள் வந்தவர் திரும்பவும் பஞ்சோடு வந்தார். பூண்டு விஷயத்தில் மட்டும் இவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. குழம்பில் பூண்டு, பாலில் பூண்டு, சுட்ட பூண்டு, நெய்யில் வதக்கிய பூண்டு. என் மகள் உலகத்தில் முதன்முதலாகத் தெரிந்துகொண்ட வாசனை அதுவாகத்தான் இருக்கும்.

அவர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். குளிக்க ஊற்றி, தலை துவட்டி, சாம்பிராணி போட்டு, பிள்ளையின் துணியை முகம் சுளிக்காமல் துவைத்துப் போட்டார்கள். ஆனால் வேவு பார்ப்பதில் போலீஸ்காரர்கள் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும். சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நுழையும்போதே, இட்லியை மிச்சம் வைத்தது, மத்தியானம் தூங்காமல் போனைப் பார்த்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். விசாரணையை முடித்துவிட்டு, அடுத்த நாளுக்குப் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிடுவாள். என் பக்கத்தில் வந்து உட்கார மட்டும் அவளுக்கு நேரமே அமையாது.

அப்புறம் எனக்கு அழுகை வந்தது. பால் கட்டி மார் வலித்தது. தையல் போட்ட இடம் இழுத்தது. ஆனால் அதற்காக நான் அழவில்லை. தோசை ஆறிவிட்டது என்று அழுதேன். பிள்ளை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது என்று அழுதேன். கணவருக்குப் போன் செய்து அழுதால், எதற்கு அழுகிறாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாமல் எப்படி அழ முடியும் என்று அவர் உண்மையாகவே சந்தேகம் கேட்டார். பிள்ளை பெற்ற புதிதில் இப்படி அழுகை வரும், பயப்படாதே, பக்கத்தில் யாராவது இருக்கட்டும், விடாமல் தொடர்ந்தால் மறைக்காமல் வந்து காட்டு என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். பக்கத்தில் யாராவது என்னவோ இருந்தார்கள். பச்சை உடம்புக்காரி அழுதால் பால் கெட்டுவிடும் என்றார்கள். பால் கெட்டுவிடுமே என்று இன்னும் கொஞ்சம் அழுதேன்.

குடியாத்தத்து அக்கா வந்த அன்றுதான் குட்டு உடைந்தது. அவர் தறிக்காரர் வீட்டுப் பெண், லைனில் தையல் மிஷின். தங்கள் வீட்டில் நெய்த லுங்கியிலேயே மெத்தென்று பழகினதாக ஒன்றைப் பிள்ளைக்குக் கொண்டுவந்திருந்தார். மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி. ஷிப்மெண்ட் நேரத்தில் அம்மாவுக்குக் கிடைக்காத லீவு உங்களுக்கெல்லாம் மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"லீவு இல்லன்னு யாரு சொன்னா? சூப்பர்வைசரே உங்கம்மாகிட்ட வூட்டுக்குப் போம்மான்னு சொன்னாரு. அக்காதான் போவல. இப்பக்கூட என் மிஷின்ல அக்காதான் குந்திகினு தைக்குது."

அவர் சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை ஆயத் தொடங்கினார். எனக்குத் தலை சுற்றியது. என்னைப் பார்த்துக்கொள்ள ஒருவர் லீவு போடுகிறார். அவர் இடத்தில் உட்கார்ந்து என் அம்மா தைக்கிறாள். அம்மாவே லீவு போட்டிருந்தால் இவர்கள் அத்தனை பேரும் அவரவர் இடத்தில் இருந்திருப்பார்கள், ரிலீவருக்கே அங்கே வேலை இருந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்க நான் படித்த பி.காம். தேவையில்லை, பிறந்து பத்து நாள்கூட ஆகாத என் மகளுக்கே புரியும். இத்தனை வருஷம் அந்த லைனில் எத்தனையோ பேருக்குப் பதிலாகப் போய் உட்கார்ந்தவளுக்கு, தனக்கென்று லீவு போட மட்டும் கை வரவில்லை. கோபத்தில் என் அழுகை நின்றே போனது.

உடனே கணவருக்குப் போன் செய்து காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன், நான் சத்துவாச்சாரிக்கே வந்துவிடுகிறேன் என்றேன். குடியாத்தத்து அக்கா கீரையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். லைனில் வேலை செய்கிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால், சூப்பர்வைசருக்கே அடித்துச் சேதி சொல்லிவிட்டார்.

கார் வேலூரிலிருந்து வந்து சேருவதற்குள் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, பசை காயாத தோலைத் தைத்ததில் கையெல்லாம் பசை வாசனை. துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா நாசூக்காகக் கீரையோடு சமையலறைக்குப் போய்விட்டார். போனாலும் காது இங்கேதான் இருந்தது.

"யார் யாருக்கோ பதிலா போய் உக்கார்ற. பெத்த பொண்ணுகிட்ட மட்டும் உனக்குப் பதிலா ஆள் அனுப்புறியா?" என்று கேட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நீ அழுவுற. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியலடி. மிஷின் முன்னாடி உக்காந்தா கை தானா போவுது. உன் பக்கத்துல உக்காந்தா பயமா கீது."

எனக்கு அவளிடம் அந்தக் கணம் வந்த பிரியம் அதற்குமுன் வந்ததில்லை. ஒன்றும் பண்ண வேண்டாம், சும்மா இரு என்றேன். சும்மா இருப்பதுதான் அவளுக்குத் தெரியாத ஒரே வேலை. பிள்ளை சிணுங்கியது. கையை நீட்டியவள் பசை நினைவு வந்து இழுத்துக்கொண்டு, குளிக்க ஓடினாள். ஈரத்தலையோடு வந்து பேத்தியை மடியில் போட்டுக்கொண்டாள். நான் அவள் முதுகில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்து, கொஞ்ச நேரம் காரணம் இல்லாமல் அழுதேன். அவள் பால் கெட்டுவிடும் என்று சொல்லவில்லை. பிறகு அப்படி ஒரு தூக்கம் தூங்கினேன். கார் எடுத்து வந்த புண்ணியத்துக்குக் கணவர் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனதாக எழுந்த பிறகுதான் தெரிந்தது. மாமியார் அங்கே அறையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாராம், பாவம்.

மறுநாள் காலை வழக்கம்போல் வேன் ஹாரன் அடித்தது. அம்மா எழுந்தாள். டிபன் பாக்ஸைத் தொடாமல் வாசல் வரைக்கும்தான் போனாள். லீவு என்று சத்தமாகச் சொல்வது கேட்டது. வேனுக்குள்ளிருந்து பசை தடவுகிற அக்கா, தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "நீ நிம்மதியா இரு அக்கா. நேத்து நீ பாதியில போயும் லைன் நல்லாத்தான் ஓடிச்சு."

அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நான் இல்லாமலே ஓடிச்சாம்," என்றாள். லீவு கிடைத்த மனுஷியின் குரலாக அது இல்லை.

சிரித்தேன், தையல் வலித்தது.

"அங்க ஓடிச்சும்மா," என்றேன். "இங்கதான் ஓடல."

அம்மா வேன் கிளம்பிப் போகும் சத்தம் தெருவைத் தாண்டும் வரை நின்று கேட்டாள். பிறகு ஃபேனைக் குறைத்து வைத்துவிட்டு, "தள்ளிப் படு" என்று சொல்லி என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.