மெசினுக்கு ஆள் தெரியாது

பொகவந்தலாவைப் பக்கத்துச் சின்னக் கடைத்தெரு ஒன்றின் தபால் கந்தோரில், டெலிபோன் பலகைக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர் ஞானரட்ணம். பலகையில் ஓட்டைகள், கையில் வயர். எந்த வயரை எந்த ஓட்டையில் செருகுவது என்பதுதான் உத்தியோகம். அதற்கே மனிதருக்குத் தலைகால் புரியாது. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் என்றால் உடனே லைன். பிறகு கிளாக்கர்மார், பிறகு கடை முதலாளிமார். கூலிகள் குடியிருக்கும் லயத்து ஆட்களுக்கு உட்கார்ந்து காத்திருக்க ஒரு வாங்கு போட்டிருந்தார். அவருடைய பாட்டனும் லயத்தில் பிறந்தவர்தான், அதை அவர் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

எழுபத்தாறாம் வருஷம், கொழுந்து பறிக்கிற அந்தோனியம்மா அந்த வாங்கில் நாலு மணி நேரம் உட்கார்ந்தாள். மகள் சிசிலியைப் பிரசவத்துக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. எப்படி இருக்கிறாள் என்று கேட்க வேண்டும், மோசமென்றால் உடனே பஸ் ஏற வேண்டும். வெளியூருக்குப் போக இருந்ததோ ஒரே லைன். நாய்க்குட்டி வாங்குவது பற்றி ஒரு துரை பேசினார். சீட்டு விளையாட ஆள் சேர்க்க இன்னொரு துரை. எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டேதான் ஞானரட்ணம் அவளை உட்காரச் சொன்னார். அவளுக்கு லைன் கிடைத்தபோது கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் அவள் போய்ச் சேர்ந்தபோது மகள் முகத்தை மூடியிருந்தார்கள்.

எண்பத்தைந்தில் பலகைக்குப் பதிலாக மெசின் வந்தது. அதைப் பொருத்திப் பூட்ட வந்த கனகலிங்கம் யாழ்ப்பாணத்து ஆள். இனி நடுவில் யாரும் லைன் கொடுக்கத் தேவையில்லை, சுழற்றுகிற இலக்கமே தன் வழியைப் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினான். முதல் இலக்கம் ஒரு கதவைத் திறக்கும், அடுத்தது அடுத்த கதவை, கடைசி இலக்கத்தோடு அங்கே மணி அடிக்கும். ஞானரட்ணத்துக்கு ஒரே ஒரு சந்தேகம். பெரிய துரைதான் பேசுகிறார் என்று அதற்கு எப்படித் தெரியும்?

"அதுக்கு ஆளைத் தெரியாது ஐயா. இலக்கம்தான் தெரியும்."

மூளையில்லாத சாமான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்துவிட்டு, ஞானரட்ணம் பென்ஷன் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அவர் மகள் தெரேசா அதே ஆஸ்பத்திரியில், அதேபோலப் பிரசவத்துக்கு. சிக்கல் என்று தகவல் வந்ததும் அவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். கந்தோர் டெலிபோனுக்கு முன்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள், அதில் அந்தோனியம்மாவும் ஒருத்தி. எல்லாரையும் தள்ளிக்கொண்டு போய் ரிசீவரை எடுத்தார்.

"ஞானரட்ணம் பேசுறேன். நுவரெலியா ஆஸ்பத்திரி குடுங்க."

ரிசீவரில் ஒரே இரைச்சல்தான். மறுபடியும் சொன்னார், பழைய உத்தியோகத்தையும் சேர்த்து. ஊருக்கே லைன் கொடுத்த மகாராசாவுக்கு இலக்கம் சுழற்றிப் பழக்கமில்லை.

அந்தோனியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கொழுந்து நிறுக்கிற தராசில் ஏமாறாமல் இருக்க இலக்கம் படித்திருந்தாள். சுவரில் ஆஸ்பத்திரிச் சிலுவைக் குறிக்குப் பக்கத்தில் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்து அவளே சுழற்றிக் கொடுத்தாள். மணி அடித்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்றார்கள். மனிதர் ரிசீவரை வைத்துவிட்டு அழுதார்.

"அரை நிமிசங்கூட ஆகலைங்க ஐயா," என்றாள் அவள். "எனக்கு நாலு மணி நேரம்."

ஞானரட்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று வரிசையில் நின்றவர்கள் நினைத்தார்கள்.

"அன்னைக்கு தொரை லைன்ல இருந்தாரு," என்றார்.