அகொசுவும் உண்ணி பிடித்த பெரியவரும்

உய்தா ஊரில் பஞ்சர் ஒட்டும் அகொசுவிடம் ஒரு டியூபைக் கொடுத்தால் போதும், பழைய ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்து அது யாருடைய வண்டிக்குச் சொந்தம் என்று சொல்லிவிடுவார். "மீன்காரம்மா மகனோடது. போன வருஷம் ரெண்டு, இந்த வருஷம் ஒண்ணு. அவன் ஓட்டுற லட்சணம் அப்படி." ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவர் பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் அவருடைய முதுகுதான் முதலில் தெரியும்.

கால் முன்னால் வெளியே வந்து பிறந்தவர் என்பதால் அகொசு என்று பெயர். அப்படிப் பிறந்த எல்லோருக்கும் அதே பெயர்தான். "அன்னைக்கே தலைகீழா வந்த ஆளு, இன்னைக்கு மட்டும் நேரா செய்யவா போறாரு" என்பாள் அவர் மனைவி அயாபா. முதலில் கொத்து வேலை பார்த்தார். பிறகு எல்லையிலிருந்து பாட்டில் பாட்டிலாகப் பெட்ரோல் கொண்டுவந்து விற்றார். ஒருநாள் அது தீப்பிடித்து இடது கையில் பாதியைச் சுட்டுவிட்டுப் போனது. அதன் பிறகுதான் பட்டறை. திறந்து முதல் வாரம் ஈ கூட வரவில்லை. ஏழாம் நாள் காலையில், விற்பனைக்கு வைத்திருந்த டயருக்குள் ஒரு மலைப்பாம்பு சுருண்டு பந்தாகக் கிடந்தது. அகொசு மண்டியிட்டு நெற்றியை மண்ணில் வைத்தார். அன்று மட்டும் ஆறு வண்டிகள் வந்தன.

எங்கள் ஊரில் மலைப்பாம்பு கும்பிடும் தெய்வம்; அன்றிலிருந்து அந்தப் பாம்புதான் பெரியவர். பெஞ்சுக்கு அடியில் சோப்பு வந்த மரப்பெட்டியும் அதில் ஒரு சாக்கும் அவருக்கு. சாயங்காலம் வெளியே போவார், காலையில் திரும்புவார். திரும்பாவிட்டால் யாராவது துணியில் ஏந்திக்கொண்டு வருவார்கள்: "உங்க பெரியவர் எங்க சோளப் பானைகிட்ட படுத்திருந்தார்." எங்கள் தெருவில் அது தபால் வருவது மாதிரி.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஏப்ரலில் முதல் மழை விட்ட மறுநாள் பெரியவர் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பீப்பாயைப் பாதியாக வெட்டிய தொட்டி. டியூபை அதில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். மூன்று நாளாக அவர் எழுந்திருக்கவில்லை. அவரைத் தூக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"மச்சான், பெரியவர் தொட்டிய வாடகைக்கு எடுத்துட்டாரா?" என்று கேட்டான் டோசு. அயாபாவின் தம்பி, மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவன்.

"ஏதோ சொல்ல வர்றார்டா."

"குளிக்கணும்னு சொல்றார். உனக்கும் சேர்த்துத்தான் சொல்றாரோ என்னமோ."

அகொசு படையலாகத் தரையில் கொஞ்சம் பனஞ்சாராயம் ஊற்றினார். பெரியவர் அசையவில்லை. அகொசு டியூபுகளை வீட்டுச் சமையல் பானையில் அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அயாபா பானையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். வைத்த எலியையும் பெரியவர் தொடவில்லை. தொட்டியின் அடியில் கறுப்பாகப் பொடி படிந்தது. டயரைச் சுரண்டும்போது விழுந்த ரப்பர்தான் என்று அகொசு தினமும் தண்ணீரை மாற்றினார். மறுநாள் திரும்பவும் படிந்தது. நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியின் விளிம்பில் ஒரு பொடி மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது.

சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

"அண்ணே, ரப்பர் நடக்குது."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். கடுகில் கால்வாசிகூட இல்லாத உருண்டைகள். பெரியவரின் கண்ணோரத்திலும் தாடையின் கீழ் மடிப்பிலும் அவை கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. அகொசு மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க? எங்க?" என்று என்னிடமே கேட்டார்.

"இவர் இந்த வீட்டுல செத்தா வெள்ளைத் துணி போர்த்தி அடக்கம் பண்ணணும், தலை மழிக்கணும். சொந்த ஊர் அல்லாடாவுல உங்க ஆளுங்க என்ன சொல்வாங்க? அகொசு ஒரு பெரியவரைக்கூடக் காப்பாத்தலைன்னுதானே?" என்றாள் அயாபா.

"ஊர்ல ஒருத்தன் எட்டிப் பாக்காதப்போ வந்தவரும்மா" என்றார் அகொசு.

டோசு ஓடிப்போய்க் கொசு மருந்து டப்பாவோடு வந்தான். அகொசு இன்னொரு பக்கம் பெட்ரோலில் துணியை நனைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பின் சக்கரம் காற்றிறங்கிப்போன வண்டியை உருட்டிக்கொண்டு பிஞோன் வந்தாள். சந்தையில் கோழி மருந்து விற்கிறவள்.

"டப்பாவக் கீழ வைடா! உண்ணிக்கு முன்னாடி அவர் போயிருவார். அவர் மூச்சு விட வேண்டாமா? அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறார்? அண்ணே, அதென்ன துணி, பெட்ரோலா? அடக் கடவுளே, ரெண்டு பேரும் சேர்ந்து அவரை வறுத்துருவீங்க."

அவள் சொன்ன வழி எளிமையாகத்தான் இருந்தது. கை பொறுக்கிற வெதுவெதுப்பில் தண்ணீர், அவர் தலையை வெளியே வைத்துக்கொள்கிற ஆழம், அரைமணி நேரம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கண்ணோரத்திலும் வாயோரத்திலும் பஞ்சால் தேங்காய் எண்ணெயை மெல்லத் தொட்டு வைத்தால் உண்ணி மூச்சுமுட்டிச் சாகும். சாக்கை எரித்துவிட வேண்டும். பெட்டியின் இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி வெயிலில் காயவைத்து, உள்ளே வெள்ளைக் காகிதம் விரிக்க வேண்டும். முட்டை பொரிந்து புதிது புதிதாக வரும் என்பதால் நாலு நாளைக்கு ஒருமுறை ஆறு வாரம்.

"அதுவரைக்கும் வெளிய விடக் கூடாது. கேட்டுச்சா அண்ணே?"

அகொசு தலையாட்டினார்.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஒரு பக்கம் வீணான காகிதங்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் குளியலுக்குப் பிறகு காகிதத்தில் எண்ணவே முடியாத அளவு கறுப்பு. இரண்டாவதில் பதினொன்று. எல்லோரும் சிரித்தோம். மூன்றாவதில் திரும்பவும் எண்ண முடியவில்லை. நான்காவதில் மூன்று. ஐந்தாவதில் காகிதம் மிளகு தூவியது மாதிரி இருந்தது.

பிஞோனுக்குத் தலை சுற்றியது. "முட்டை பொரிஞ்சாக்கூட இப்படி ஏறி இறங்காதே. பெட்டியத் தூக்கிப் போடுங்க." சோப்புப் பெட்டி அடுப்புக்குப் போனது. மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி வந்தது. அதிலும் அதே கதை.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகாததாலயா?" என்று என்னிடம் கேட்டார் அகொசு. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இல்ல, போனதாலயா?" என்றார்.

எனக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரிந்த ஒன்றையும் நான் சொல்லவில்லை. தினமும் வெயில் சாய்ந்ததும் அகொசு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூடியைத் திறந்துவிடுவார். என்னைப் பார்த்துவிட்டால், "ஒரு பெரியவரை உள்ள வச்சு எப்படிப்பா பூட்டுறது? நம்ம அப்பனை அப்படிப் பண்ணுவமா?" என்பார். நானும் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். காலையில் யாராவது துணியில் ஏந்தி வருவார்கள். குளியல் தொடரும்.

ஆறாவது குளியல் நாள். பிஞோன் சீக்கிரமே வந்து வெந்நீரில் முழங்கை வைத்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி விற்கும் எசி துணி மூட்டையோடு வந்தாள்.

"உங்க பெரியவர். என் அடுப்படியிலதான் இருந்தார்."

அவள் வாயை மூடுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் அசோபா இன்னொரு மூட்டையோடு வந்தார்.

"அகொசு, உங்க பெரியவர். எங்க கழிவறைக்குப் பின்னால."

இரண்டு வெள்ளைக் காகிதங்களின் மேல் இரண்டு துணிகளும் அவிழ்ந்தன. ஒரே அளவில் இரண்டு பந்துகள், இரண்டும் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு. ஒரு காகிதம் சுத்தமாக இருந்தது. இன்னொன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. அகொசு முதலில் இதற்கும் பிறகு அதற்கும் மண்டியிட்டார். எழுந்து நின்றபோது எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதுல எதுண்ணே உங்களுது?" என்றாள் பிஞோன்.

அகொசு தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு வருஷமா வச்சிருக்கீங்க. உடம்புல ஒரு அடையாளம்கூடவா தெரியாது?"

"நான் எப்பவும் குனிஞ்சுதானே இருப்பேன்."

"ஊர்ல உள்ள டியூப் எல்லாம் தெரியுது!"

"டியூபுக்கு முன்னால யாரும்மா மண்டி போடுறா?"

எசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் தொண்டையைச் செருமினார். பிஞோன் பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். "அப்ப மொத வாட்டி குளிச்சது இவர். ரெண்டாவது அவர். இல்ல, மூணாவதுதான் அவர்..." பாதியில் விட்டுவிட்டாள். "ஒருத்தர் மேல உள்ளது பெட்டிக்கு, பெட்டியில உள்ளது இன்னொருத்தருக்கு. இவங்க ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி நாமதான் உண்ணி பரிமாறியிருக்கோம்."

மெலிந்தவர்தான் நம்மவர் என்றாள் அயாபா, சாப்பிடாமல் கிடந்தவர் ஆயிற்றே. ஆனால் இரண்டு பேரும் மெலிந்துதான் இருந்தார்கள். கறுப்பு பிடித்தவர்தான் என்றான் டோசு. தலையை இடப்பக்கம் சாய்ப்பவர்தான் என்று எனக்குத் தோன்றியது. அப்போது இரண்டு பேரும் சாய்த்தார்கள்.

"எது என்னுதுன்னு தெரியாட்டி ரெண்டையும்தான் காப்பாத்தணும்" என்றார் அகொசு. அவர் குரல் உறுதியாகக் கேட்டது அன்றைக்குத்தான். இன்னொரு பெட்டி வந்தது. ஒன்று பட்டறையின் இந்த மூலையில், மற்றது அந்த மூலையில். இருவருக்கும் நடுவே சோப்புத் தண்ணீர், ஒருவரைத் தொட்ட கையோடு மற்றவரிடம் போகக் கூடாது என்று. பழைய டியூபை நீள நீளமாக வெட்டி இரண்டு மூடிகளையும் இறுகக் கட்டினார். தரையில் தண்ணீர் ஊற்றி, "அப்பா, இது சிறை இல்ல. வைத்தியம். கோவப்படாதீங்க" என்றார் இந்த மூலையில். அந்த மூலைக்குப் போய் அதையே திரும்பவும் சொன்னார்.

அகொசு இரண்டு பெரியவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறான் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. சிலர் வண்டியை வேறு பட்டறைக்கு உருட்டிப் போனார்கள். போகிறபோது பெட்டிகளைப் பார்த்துக் குனிந்தார்கள், அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். எது புண்ணியம் எது பாவம் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் கட்டை அவிழ்க்கவில்லை. கட்டியதிலிருந்து நான்காம் வாரம் ஒருவர் எலியை விழுங்கினார். ஐந்தாம் வாரம் மற்றவரும். ஆறாம் வாரம் முழுக்க இரண்டு காகிதங்களும் நான் கொண்டுவந்தபடியே இருந்தன. பிஞோன் இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றாள், அதையும் பொறுத்துக்கொண்டார்.

ஒருநாள் வெயில் சாய்ந்த நேரத்தில் அகொசு ரப்பர்க் கட்டுகளை அவிழ்த்தார். ஒருவர் சாக்கடையோரமாக எசி வீட்டுப் பக்கம் போனார். இன்னொருவர் டயர் அடுக்குக்குள் நுழைந்து காணாமல் போனார். அகொசு நடுவில் நின்று இருபக்கமும் பார்த்தார்.

"நம்மவர் எங்கப்பா போனார்?"

"தெரியலண்ணே."

"எனக்கும்தான்."

மறுநாள் காலை எசி மூட்டையோடு வந்து, "உங்க பெரியவர்" என்றாள். அகொசு மண்டியிடவில்லை. பெஞ்சில் வெள்ளைக் காகிதத்தை விரித்து, அவரை அதன்மேல் மெல்ல இறக்கி, கண்ணோரம், தாடை மடிப்பு என்று ஒவ்வொரு இடமாக நேராகப் பார்த்தார். பந்து மெதுவாக அவிழ்ந்து காகிதத்தின் குறுக்கே நகர்ந்து போனது. பின்னால் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"அவர்தானா?" என்றாள் எசி.

"தெரியல. ஆனா உண்ணி இல்ல" என்றார் அகொசு. அதற்குப் பிறகுதான் நெற்றியை மண்ணில் வைத்தார்.