மாடி வீட்டு ஸ்கேனர்

அடையாற்றில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறிவந்த காலையில், வேண்டியதையெல்லாம் உயரத்தில் ஏற்றிவிட்டோம் என்றுதான் நானும் என் கணவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அரிசி டின், மெத்தை, மிக்ஸி, சுவாமி படங்கள், அவருடைய மருந்துப் பை எல்லாம் பரணுக்கும் மேஜை மேலும் போயின. இரும்பு பீரோவின் கீழ்த்தட்டு மட்டும் எங்கள் இருவர் நினைவுக்கும் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த காகிதங்கள் அத்தனையும் அந்தத் தட்டில்தான் இருந்தன.

சாதாரண நாளாக இருந்தால் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அப்போது அவர் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். குடலில் அறுவை சிகிச்சை மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனையில் நடந்தது. கீமோவுக்கு வேறு மருத்துவமனை. அங்கே கொடுத்தது, இங்கே கொடுத்தது, ரத்தப் பரிசோதனை, மருந்துக்கடை ரசீது, இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்ட படிவம் எல்லாம் மூன்று தடித்த ஃபைல்களாக அந்தத் தட்டில் படுத்துக்கிடந்தன. மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வாசற்படியைத் தாண்டியபோது இரண்டாவது மாடிப் பெண் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை. தாயும் மகளுமாகக் காசிமேட்டிலிருந்து குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாடிப்படியில் பார்த்தால் ஒரு சிரிப்பு, "மோட்டார் போட்டாச்சா ஆன்ட்டி?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான் அதுவரை எங்கள் பழக்கம்.

"ஆன்ட்டி, அங்கிள் இந்தத் தண்ணில நிக்கக் கூடாது. மேல வாங்க. துணி மட்டும் எடுத்துக்குங்க, மத்தது அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். நான் யோசிப்பதற்குள் அவர் கையைப் பிடித்து மெதுவாகப் படியேற்றிக்கொண்டு போய்விட்டாள்.

தண்ணீர் வடிந்து வீடு காயும்வரை அவர்கள் வீட்டில்தான் இருந்தோம். எங்கள் பெண் பெங்களூரிலிருந்து போன் மேல் போன் போட்டாள். சாலை துண்டிக்கப்பட்டிருந்ததால் அவளால் வர முடியவில்லை. மாடி வீட்டு அம்மா என் கணவருக்கென்று காரமில்லாமல் தனியாகக் கஞ்சி வைத்துக்கொடுத்தார். கீமோவுக்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் வாயில் இரும்புச் சுவை அடிக்கிறது என்று முகம் சுளிப்பவர், அந்தக் கஞ்சியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

தண்ணீர் வடிந்ததும் கீழே இறங்கிப் போய்ச் சேற்றைத் தள்ளி, மாட்டிக்கொண்ட பீரோக் கதவை நெம்பித் திறந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபைல்கள் ஊறிய அவல் மாதிரி உப்பிக்கிடந்தன. மேலே இருந்ததை எடுத்தால் கீழே இருந்தது ஒட்டிக்கொண்டு வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியின் ஓரத்தில் டாக்டர் நீல மையில் எழுதியிருந்தது கரைந்து வானத்து நிறமாகப் பரவியிருந்தது.

இருந்த இடத்திலெல்லாம் பரப்பினேன். நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி, கொடிக்கயிறு, சமையல் மேடை. கரண்ட் வந்ததும் இன்னொரு யோசனை தோன்றியது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, காகிதத்தின் மேல் ஒரு பழைய வேட்டித் துண்டைப் போட்டுத் தேய்த்தேன். ஓரிரண்டு தாள்கள் நன்றாகவே வந்தன. அடுத்து மருந்துக்கடை ரசீது ஒன்றை வைத்துத் தேய்த்துவிட்டுத் துணியை எடுத்தேன். ரசீது முழுக்கக் கறுப்பு. எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். ஒரு ரசீதுக்காக அழுகிறேனே என்று எனக்கே தெரிந்தது. அத்தனை மாதமாக ஆஸ்பத்திரி வராந்தாக்களில் வராத அழுகை அன்றைக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு அம்மா காப்பித் தூக்கோடு உள்ளே வந்தார். கொடியையும் தரையையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கருவாடு காய வெச்ச மாதிரி ஊடு பூரா பரப்பி வெச்சுகீறீங்க?"

அவர் காசிமேட்டில் பல வருஷம் கருவாடு விற்றவர். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மாடிப்படிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். "ஏ பாப்பா, கீழ வா! இந்தம்மா அழுதுகினு கீறாங்க."

அந்தப் பெண் ஓடி வந்தாள். என் கையிலிருந்த கறுப்புத் தாளைப் பார்த்ததும் முதல் வேலையாக இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள்.

"ஆன்ட்டி, கடைல மெஷின்ல அடிச்சுக் குடுக்கற பில்லுல இங்க்கே கிடையாது. சூட்டுலதான் அதுல எழுத்தே வருது. அத்த அயர்ன் பண்ணா மொத்தமா கறுத்துடும். விடுங்க, கடைக்காரங்க கம்ப்யூட்டர்ல இருக்கும், திரும்ப எடுத்துக் குடுப்பாங்க. மீதிய மேல எடுத்துனு வாங்க. என்னாண்ட ஸ்கேனர் கீது."

"எல்லாத்தையுமா? இதுல வேண்டாதது நிறைய இருக்கேம்மா. பழைய ஃப்ரிட்ஜ் வாங்கின பில்கூட இருக்கு."

"எது வேணும், எது வேணாம்னு இப்ப பாக்காதீங்க. மனசு சரியில்லாதப்ப பாத்தா எல்லாமே வேணாம்னுதான் தோணும். மொத எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுவோம்."

அவர்கள் சாப்பாட்டு மேஜையில் அந்த ஸ்கேனர் உட்கார்ந்திருந்தது. ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். நான் ஜெராக்ஸ் கடையில் பார்த்திருக்கிற மாதிரி மூடியைத் தூக்கி ஒவ்வொரு தாளாகக் கவிழ்த்து வைப்பதில்லை அது. மேலே ஒரு கட்டு வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இழுத்து, இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக் கீழே தள்ளியது. கோணலாகப் போன தாளைத் திரையில் நேராக்கிக் காட்டியது. வெறும் பக்கங்களைத் தானே விட்டுவிட்டது.

ஆனால் எங்கள் காகிதங்களுக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை. சுருங்கிப்போன தாள்கள் உள்ளே போய் மாட்டிக்கொண்டன. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் ஒன்று தப்பித்துப் போயிருந்தால் தாளை இழுக்கும் உருளையே கெட்டிருக்கும். ஆகவே எங்களுக்குள் ஒரு வேலைமுறை ஏற்பட்டது. மாடி வீட்டு அம்மா சிறு கத்தியால் பின்களை நெம்பி எடுத்து ஒரு கொட்டாங்குச்சியில் போடுவார். நான் தாள்களைப் பிரித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றுவேன். நைந்த தாள்களை அந்தப் பெண் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மெஷினுக்குள் அனுப்புவாள். அவள் ஆபீஸ் போகும் பகல்களில் தாள்கள் காய்ந்துகொண்டிருக்கும். சாயங்காலம் அவள் வந்து காப்பி குடித்ததும் மெஷின் ஓடும்.

இந்த மெஷினை எதற்கு வாங்கினாள் என்று ஒரு நாள் கேட்டேன். உருளையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா ஹார்பர்ல வேல செஞ்சாரு ஆன்ட்டி. அவரு போனப்ப ஒரு பேப்பரும் கைல இல்ல. ஊடு மாறி மாறிப் போனதுல எல்லாம் எங்கயோ போச்சு. பென்ஷனுக்காக அம்மா ஆபீஸ் ஆபீஸா நடந்தாங்க. நான் காலேஜுக்கு லீவு போட்டுட்டுக் கூடவே நடப்பேன். அதான், வேல கிடைச்சதும் மொத இத்த வாங்கினேன். எல்லாரும் டிவி வாங்குன்னாங்க."

"நானுந்தான் சொன்னேன்" என்றார் அவள் அம்மா, பின்னை நெம்பியபடி.

என் கணவர் முதல் சில நாட்கள் இந்த வேலைக்குள் வரவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நோய் வந்ததிலிருந்தே அவர் ஒரு ரிப்போர்ட்டையும் கையால் தொட்டதில்லை. ரத்தப் பரிசோதனைக் கவர் வந்தால் என்னிடம் நீட்டிவிடுவார். டாக்டரிடம் போனால் டாக்டர் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "பரவாயில்லை, நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு" என்று டாக்டர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் அந்தப் பெண் அவரைப் பார்த்து, "அங்கிள், சும்மாதான இருக்கீங்க? இந்த பிளட் ரிப்போர்ட்ட எல்லாம் தேதிவாரியா அடுக்கிக் குடுங்க. ஆன்ட்டி கைல ஒரே சேறு" என்றாள். நான் கையிலிருந்த தாளை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

ஏழெட்டுத் தாள்களை அடுக்கிய பிறகு ஒன்றில் விரலை வைத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாயேன். இந்த நம்பரைப் பார்த்தியா? ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுண்டே வந்திருக்கு."

புற்றுநோய் மிச்சம் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் எண் அது. ஆபரேஷனுக்கு முன்னால் உச்சத்தில் இருந்தது. பிறகு மாதத்துக்கு மாதம் இறங்கி, கடைசித் தாளில் எல்லோருக்கும் இருக்கிற அளவுக்கு வந்திருந்தது.

"டாக்டர் அப்பவே சொன்னாரே, நன்னா இருக்குன்னு."

"அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவார்னு நினைச்சுண்டேன்" என்றார். "நீயும் எனக்காக அவரோட சேர்ந்துண்டு சொல்றேன்னு நினைச்சேன்."

அந்தப் பெண் எல்லா ரிப்போர்ட்டுகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாள். அவர் திரைக்கு அருகில் குனிந்து, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசி எண்ணுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாயிட்டீங்க சார்" என்றார் அந்த அம்மா. "இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறீங்க?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் ரசம் கேட்டார். நோய் வந்ததிலிருந்து அவராக வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அபூர்வம். மாடி வீட்டு அடுப்பில் நான் ரசம் வைத்தேன். நால்வரும் சாப்பிட்டோம்.

டாக்டரிடம் போகும் நாளில் அந்தப் பெண் எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரே ஃபைலாகப் போட்டுக்கொடுத்தாள். முதல் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் குறிப்பு, திசுப் பரிசோதனை, பிறகு நடந்ததெல்லாம் வரிசையாக இருந்தன. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா எனக்கு யாருமே கொண்டு வந்ததில்லை. யார் அடுக்கினது?" என்று கேட்டார். என் கணவர் அன்று காலண்டரைப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்து, "எங்க மாடியாத்துப் பொண்ணு. தேதிவாரியா அடுக்கினது மட்டும் நான்" என்றார். அதற்கப்புறம் அவரே கேள்வி கேட்க ஆரம்பித்தார். அடுத்த ஸ்கேன் எப்போது, எதைச் சாப்பிடலாம், நடக்கலாமா, கச்சேரிக்குப் போகலாமா என்று ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எங்களை முறைக்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

இன்ஷூரன்ஸும் ஒருவழியாக முடிந்தது. நான் கறுப்பாக்கிய ரசீதை மருந்துக்கடையில் சிரித்துக்கொண்டே திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள்.

வீடு காய்ந்து, சுண்ணாம்பு அடித்து நாங்கள் கீழே திரும்பியபின், அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் எங்களுக்கும் ஒரு ஸ்கேனர் வாங்கினோம். இப்போது அது என் கணவர் ராஜ்ஜியம். எந்த ரசீது வந்தாலும் எழுத்து மங்குவதற்குள் ஏற்றிவிடுகிறார். மின்சாரம், சொத்து வரி, கேஸ், தி.நகரில் நான் வாங்கிய புடவை, எதுவும் தப்பாது. புடவை ரசீது மட்டும் தப்பினால் தேவலை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒவ்வொன்றுக்கும் முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு என்ன காகிதம் என்று அந்தப் பெண் சொல்லிவைத்த வரிசையிலேயே பெயர் வைக்கிறார். எதையாவது தேடினால் நான் பீரோவைத் திறப்பதில்லை. அவரைக் கேட்கிறேன்.

பிறகு அந்தப் பெண்ணுக்கு ஆபீஸில் வெளிநாட்டு வேலை வந்தது. அம்மாவைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. நாங்கள்தான் வற்புறுத்தி அனுப்பினோம். போன வருஷம் அந்த அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கூடப்போனது நான். கண்ணில் பஞ்சு ஒட்டிய அவரை ஆட்டோவில் அழைத்துவந்து எங்கள் வீட்டுக் கட்டிலிலேயே படுக்கவைத்தேன். என் கணவர் ஆஸ்பத்திரித் தாள்களிலிருந்து பின்களை எடுத்து, மெஷினில் வைத்து, மகளுக்கு அனுப்பினார். சிறிது நேரத்தில் வீடியோவில் அவள் வந்தாள்.

"அங்கிள், எல்லாம் தெளிவா வந்துடுச்சு. சொட்டு மருந்துச் சீட்டுகூடப் பாத்துட்டேன். அம்மா அழுவுறாங்களா?"

"உங்கம்மாவாவது, அழறதாவது! எங்காத்துக்காரிகிட்ட வத்தக்குழம்புல உப்பு போறலைன்னு சொல்லிண்டிருக்கா."

"மெய்யாலுமே போதல பாப்பா" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

அவள் அந்தப் பக்கம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அன்றைக்கும் வாய்வரை வந்தது. அதற்குள் அவளே, "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று முந்திக்கொண்டாள். நான் உப்பு ஜாடியை எடுக்க எழுந்து போனேன்.