வரைபடத்தில் இல்லாத திட்டு

மானாம்பதியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். ஏரி அளக்கும் வேலையை அன்று மதியம்தான் விட்டிருந்தேன். இரண்டு நாளாக முளைக்குச்சிக் கட்டைச் சுமந்த தோள் எரிந்தது. ஏழாவதோடு படிப்பு நின்றதிலிருந்து எத்தனையோ வேலைகளை விட்டு நடந்திருக்கிறேன். கோபத்தோடு நடந்தது அன்றைக்குத்தான்.

சண்டை எங்கள் ஊர் ஏரியின் நடுவில் இருக்கும் திட்டைப் பற்றியது. மழைக்காலத்தில் அது தீவு. சிறுவயதில் வாழைத்தண்டைக் கட்டிப்பிடித்து நீந்திப் போவோம். திட்டின் நடுவே ஒரு குட்டை, குட்டையின் நடுவே ஒரு பாறை. பாறையில் உட்கார்ந்தால் சுற்றிலும் தண்ணீர், அதைச் சுற்றி மண், அதைச் சுற்றி மறுபடியும் தண்ணீர். ஈர டிராயர் காயும்வரை அங்கே படுத்திருப்பேன். அம்மா கரையிலிருந்து கத்துவாள். குரல் வரும், சொல் வராது. பிறகு அம்மாவையே அந்தத் திட்டில்தான் புதைத்தோம். எங்கள் தெருவுக்கு வேறு இடுகாடு இல்லை. ஏரி நிறைந்திருந்ததால் லாரி டியூப் மேல் பலகை கட்டிக் கொண்டுபோனோம்.

கோடையில் தண்ணீர் வற்றினால் தீவு வெறும் மேடு. அளக்க வந்தவர் கரையைச் சுற்றி ஒரே கோடு போட்டு, உள்ளே முழுக்க நீலம் அடித்துவிட்டார். நீலம் இருக்கும் இடமெல்லாம் தூர் வாரத் தோண்டுவார்கள்.

“சார், நடுவுல திட்டு கீது. அத்த சுத்தி இன்னொரு கோடு போடுங்க.”

“அப்புறம் திட்டுக்குள்ள குட்டைம்பே, குட்டைக்குள்ள பாறைம்பே. இது ஏரியா, வெங்காயமாய்யா?”

“வெங்காயந்தான் சார். உரிச்சிக்கினே போனா உள்ள எங்கம்மா கீது.”

அவர் சிரித்தார். நான் குச்சிக்கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சாலையோரம் பொக்லைன் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. பொக்லைன் ஓட்டுகிறவர் இறங்கி எங்கள் ஏரிக்கு வழி கேட்டார். அதைத் தூர் வாரத்தான் வந்திருந்தார்.

“சேத்துல வண்டி எறங்கிச்சின்னா பேஜாரு நைனா. அந்த ஏரி தெரிஞ்ச ஆளு யார்னா கீறாங்களா?”

“நான் கீறேண்ணா.”

“அப்ப இன்னா நின்னுக்கினு கீறே? ஏறு.”

மறுநாள் காலை வண்டிக்கு முன்னால் நடந்தேன். எங்கே சேறு, எங்கே கெட்டித் தரை என்று கைகாட்டுவதுதான் வேலை. வெயில் ஏறியபோது திட்டுக்கு வந்தோம். அந்த ஏரியிலேயே கெட்டியான தரை அது.

“இங்க வேணாண்ணா, புதைசேறு. வண்டியவே முழுங்கிடும்” என்றேன்.

அவர் திட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.